முப்பது ரூபா அத்தை

சுனாமிக்கு அடுத்த வருடம், 2005இல், நாகப்பட்டினம் கடற்கரைக் குப்பம் ஒன்றில் தையல் வகுப்பு நடத்தும் வேலை எனக்கு. தமிழ்நாட்டில் அந்த அலை கொண்டுபோன சுமார் 8,000 பேரில் 6,000 பேருக்கு மேல் இந்த ஒரு மாவட்டத்துக்காரர்கள். வகுப்புக்கு வந்த பெண்களில் பலர் படிப்பை விட்டுவிட்டு, தம்பி தங்கைகளுக்குச் சோறாக்கிக்கொண்டிருந்தவர்கள். ஒருத்தி தினமும் மெஷினைத் திருப்பிப் போட்டு, கடலுக்கு முதுகு காட்டித்தான் உட்காருவாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

கொதிக்கிற தகரக் கொட்டகையில் மூன்றே மாதத்தில் ஜாக்கெட் வெட்டவும் காஜா எடுக்கவும் பழகிவிட்டார்கள். ஆறாம் மாதம் சான்றிதழும் மெஷினும் கொடுத்து அனுப்பினோம்.

அப்புறம் ஒருநாள் வீடு வீடாகப் போய்ப் பார்த்தேன். பாதி வீடுகளில் மெஷின்மேல் துவைத்த துணி மடித்து வைத்திருந்தது. சுற்றுவட்டாரத்தில் உதவிக்கு வந்தவர்கள் எல்லாருமே தையலைத்தான் சொல்லிக்கொடுத்திருந்தோம். அது எங்கள் தவறு. ஆனால் கடலுக்கு முதுகு காட்டி உட்காருவாளே, ஓயாமல் தைத்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணின் கையிலும் காசில்லை. நூலும் ஊக்கும்கூடத் தன் காசில் வாங்கியிருந்தாள்.

"யாருகிட்டக்கா கூலி கேக்குறது? இந்தப் பக்கம் அத்தை, அந்தப் பக்கம் சித்தப்பா வீடு."

குப்பத்தில் ஊரே சொந்தம்தான். அதை நான் யோசிக்கவே இல்லை.

அவர்களையே திரும்பக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். ஒரு ஜாக்கெட்டுக்கு நூல் எவ்வளவு, ஊக்கு எவ்வளவு, எத்தனை மணி நேரம் என்று அவர்களே கணக்குப் போட்டார்கள். எல்லாருக்கும் ஒரே கூலி என்று அட்டையில் எழுதினார்கள். ஒருத்தி துணி கொண்டுவருபவளாகவும் இன்னொருத்தி தைப்பவளாகவும் பேசிப் பழகினார்கள். முதலில் ஒரே சிரிப்பு. அந்தப் பெண் தன் முறை வந்தபோது வாயே திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எங்கம்மா மீன் கூடையோட தெருத்தெருவா போவும். சொந்தக்காரங்கன்னாலும் கறாரா காசு வாங்கிட்டுத்தான் வரும்" என்றாள். அம்மாவைப் பற்றி அவள் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு அதற்குமேல் வகுப்பு நடத்த எனக்கு மனமில்லை.

அடுத்த வாரம் அவள் வீட்டில் இருந்தபோது பக்கத்து வீட்டு அத்தை வந்தார். தைத்த ஜாக்கெட்டையும் அளவு ஜாக்கெட்டையும் சேர்த்துச் சுருட்டிக்கொண்டு, "நல்லா தச்சிருக்கடி" என்று திரும்பினார்.

"முப்பது ரூபா அத்தை."

பெடலில் இருந்து அவள் காலை எடுக்கவில்லை. குரல் மட்டும் லேசாக நடுங்கியது. அத்தை அவளையே ஒரு நிமிஷம் பார்த்தார். அப்புறம் இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்தார்.