கட்டுச்சோறும் நீர்மோரும்: வேளாங்கண்ணி பாதயாத்திரைச் சமையல்

வேளாங்கண்ணி மாதாவின் வரலாற்றில் சொல்லப்படும் மூன்று புதுமைகளில் (அற்புதங்களில்) இரண்டு, பானையைச் சுற்றியே நடக்கின்றன. நாகப்பட்டினத்துக்குப் பால் கொண்டுபோன சிறுவன் குளக்கரையில் களைப்பாறியபோது, கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண்மணி பால் கேட்டார். கொடுத்தான். போய்ச் சேர்ந்த வீட்டில், குறைந்திருக்க வேண்டிய பானை பொங்கி வழிந்தது. அந்த இடம்தான் மாதா குளம். நடுத்திட்டு என்ற இடத்தில் மோர் விற்ற, கால் ஊனமுற்ற சிறுவனிடமும் அவரே வந்து மோர் கேட்டார். சிறுவன் எழுந்து நடந்தான். புயலுக்குத் தப்பிய போர்த்துக்கீசிய மாலுமிகள் செப்டம்பர் 8-ல் கரை சேர்ந்தது மூன்றாவது. நடந்து வருகிறவர்களுக்கு வழிநெடுக மோர் ஊற்றிக் கொடுப்பதை நேர்ச்சையாக எடுத்துக்கொள்கிறவர்கள், இந்த மோர்க்காரச் சிறுவனை நினைத்தே ஊற்றுகிறார்கள்.

ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள் பெருவிழா. இந்த நாட்களில் பல வீடுகளில் கவுச்சி கிடையாது. இதைத் திருச்சபைச் சட்டம் என்று சிலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. சட்டப்படியான இறைச்சித் தவிர்ப்பு, வெள்ளிக்கிழமைகளையும் சாம்பல் புதனையும் சேர்ந்தது, 14 வயது நிறைந்தவர்களுக்கானது. அதில் மீனுக்குத் தடையில்லை. மாதா விரதம் குடும்பம் தானாக எடுப்பது. அதனால் மீன், முட்டை, கருவாடு எல்லாமே விலகும். வெங்காயத்துக்கும் பூண்டுக்கும் விலக்கு கிடையாது. ஆனாலும் கட்டுச்சோற்றில் வெங்காயம் போடுவதில்லை. காரணம் பக்தியல்ல, சீக்கிரம் ஊசிப்போகும் என்பதுதான்.

கட்டிக்கொண்டு போவதில் முதலிடம் புளியோதரைக்கு. 1 கிலோ பச்சரிசிக்கு 120 கிராம் பழம்புளி, 200 மில்லி நல்லெண்ணெய், 20 காய்ந்த மிளகாய், 50 கிராம் கடலைப்பருப்பு, 100 கிராம் நிலக்கடலை, 50 கிராம் கல்லுப்பு, ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூள், சுண்டைக்காய் அளவு கட்டிப் பெருங்காயம், கைநிறையக் கறிவேப்பிலை. புளியை அரை லிட்டர் வெந்நீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரையுங்கள். எண்ணெயில் கடுகு, பருப்பு, மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்து, புளிக்கரைசலை ஊற்றி, மஞ்சளும் உப்பும் சேர்த்துச் சிறுதீயில் விடுங்கள். ஒரு செபமாலை சொல்லி முடிக்கிற நேரம் என்று பெரியவர்கள் கணக்குச் சொல்வார்கள். ஏறக்குறைய 20 நிமிடம். வேகமாகச் சொல்கிற வீடும் உண்டு என்பதால் கண்ணை நம்புவதே மேல்: புளிக்காய்ச்சல் சுருண்டு வந்து, ஓரத்தில் எண்ணெய் தெளிந்து நிற்க வேண்டும். வறுத்துப் பொடித்த வெந்தயம் ஒரு தேக்கரண்டி, மல்லி இரண்டு மேசைக்கரண்டி, கொட்டைப்பாக்கு அளவு வெல்லம் ஆகியவற்றைக் கடைசியில் போட்டு இறக்குங்கள். வெந்தயத்தை முதலிலேயே போட்டால் கசப்பேறும்.

சோற்றுக்கு ஒரு பங்கு அரிசி, இரண்டு பங்கு தண்ணீர் போதும். வெந்ததும் அகலத் தாம்பாளத்தில் கொட்டி, இரண்டு கரண்டி நல்லெண்ணெய் விட்டு ஆறவிடுங்கள். மறுநாளுக்குள் கெட்டுப்போகும் புளியோதரைகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் கெடுகின்றன. சூட்டோடு கிளறி டப்பாவில் அடைத்தால் மூடியில் வேர்த்த நீர் சொட்டி மேல்சோறு நசநசக்கும். கிளறும்போது உள்ளே வெள்ளைக் கட்டியாக நின்ற சோற்றில் புளியும் உப்பும் ஏறியிருக்காது. ஊசல் வாடை முதலில் அங்கிருந்து கிளம்பும். காய்ச்சலில் தண்ணீர் வற்றாமல் இறக்கியிருந்தால் மற்றதைச் சரியாகச் செய்தும் பயனில்லை. ஈரக்கரண்டியைப் பாத்திரத்துக்குள் விடக்கூடாது. நிலக்கடலையைத் தனியாக வறுத்துக் கொண்டுபோய் சாப்பிடும் நேரத்தில் கலந்துகொள்ளலாம். முன்பே கலந்தால் பதத்துப்போகும். காலையில் கட்டியதை அன்றிரவுக்குள் முடித்துவிடுங்கள். இரண்டாம் நாளுக்கும் வேண்டுமென்றால் காய்ச்சலை மட்டும் பாட்டிலில் எடுத்துப்போய், அங்கே சோறு வடித்துக் கிளறுங்கள். நன்றாகச் சுண்டிய காய்ச்சல், மேலே எண்ணெய் மிதந்தபடி, பயணம் முடியும்வரை தாங்கும்.

இட்லிக்கு அதிகம் புளிக்காத மாவுதான் ஏற்றது. கைபொறுக்கும் சூட்டில் நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடியை இருபுறமும் தடவி, முழுதும் ஆறிய பிறகு வாட்டிய வாழையிலையில் பொதியுங்கள். தேங்காய்ச் சட்னி வேண்டவே வேண்டாம், நண்பகல்கூடத் தாண்டாது. தொட்டுக்கொள்ள நார்த்தங்காய் ஊறுகாய் போதும்.

மோருக்கு ஒரு லிட்டர் தயிர், நான்கு லிட்டர் தண்ணீர், 25 கிராம் உப்பு. இஞ்சி விரலளவு, பச்சைமிளகாய் நான்கு, கறிவேப்பிலை, மல்லித்தழை. நசுக்கிச் சேர்த்து, கால் மணி நேரம் கழித்து வடிகட்டுங்கள். அண்டாவில் செய்து நாள்முழுக்க ஊற்றுகிறவர்கள் வடிகட்டாமல் விட்டால் மதியத்துக்குமேல் மிளகாய்க் காரம் ஏறிப்போகும். நடந்து வறண்ட தொண்டையில் அது கமறும். ஐஸ் கட்டியைவிட மண்பானைக் குளிர்ச்சி நல்லது. வியர்வையில் உப்பு போகிறது, ஆகவே உப்பை வழக்கத்தைவிடக் குறைக்காதீர்கள்; இரத்த அழுத்தக்காரர்களுக்கு மட்டும் உப்பில்லாமல் தனியாக ஒரு சொம்பு எடுத்து வையுங்கள். ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் மோரை ஊற்றிவைக்கக் கூடாது.

சென்னையிலிருந்து கடலூர், சிதம்பரம், சீர்காழி, காரைக்கால் வழியாக நடந்துவரும் காவியுடைக் குழுக்களுக்குப் பின்னால், மாதா சுரூபம் வைத்த சப்பரத்தோடு குட்டியானை என்னும் சிறிய சரக்கு வண்டியில் அடுப்பும் பாத்திரமும் வரும். வண்டிச் சமையலில் கைவிடுவது பெரும்பாலும் பருப்பு. கடலோர ஊர்களில் தண்ணீர் பல இடங்களில் உப்பும் கடினமுமாக இருக்கும். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து பருப்பைக் குழையவிடாது. பருப்பு வேகவைக்க மட்டும் கேன் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் ஊறப்போடுங்கள். பருப்பு மசிந்த பிறகே புளியும் உப்பும். ஆப்பசோடா போட்டால் குழையும்தான், ஆனால் சோப்புச் சுவை வந்துவிடும். கடற்காற்றுக்கு அடுப்பின் மூன்று பக்கமும் தகரம் மறைக்க வேண்டும்; இல்லையென்றால் தீ ஒருபக்கம் சாய்ந்து, சாம்பார் அந்தப் பக்கம் அடிப்பிடிக்கும்.

காலைச் சாப்பாட்டைப் பூசை நேரத்தோடு பொருத்தி வையுங்கள். நன்மை (நற்கருணை) வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து தண்ணீரும் மருந்தும் தவிர எதுவும் கூடாது. இந்த ஒழுங்கு முதியோருக்கும் நோயாளிகளுக்கும் அவர்களைப் பராமரிப்பவர்களுக்கும் பொருந்தாது. சர்க்கரைநோய்க்கு மாத்திரை போடுகிற பாட்டியை வெறும் வயிற்றில் வரிசையில் நிறுத்துவது பக்தி ஆகாது.

வேளாங்கண்ணி போய்ச் சேர்ந்ததும் விரதத்துக்குப் பெரிய சோதனை கடற்கரையில் காத்திருக்கும். மசாலா தடவிய மீனை வரிசையாக அடுக்கி, கேட்டதும் பொரித்துத் தரும் கடைகள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் சாப்பிட்டு முடித்துவிட்டே அலைபார்க்கப் போவது புத்திசாலித்தனம்.

ஏழைகளுக்குச் சோறு போடுவதாக நேர்ந்துகொண்டவர்களுக்கு ஒரு கணக்கு: 75 பேருக்கு 10 கிலோ அரிசி, சாம்பாருக்கு 2 கிலோ துவரம்பருப்பு, 4 கிலோ காய், 300 கிராம் புளி, 250 கிராம் சாம்பார்பொடி. பத்துக் கிலோவையும் ஒரே அண்டாவில் போடாதீர்கள். மேல்சோற்றின் பாரத்திலும் உள்ளடங்கிய சூட்டிலும் அடிச்சோறு களியாகிவிடும். இரண்டாகப் பிரித்து, பருக்கையை நசுக்கினால் நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளை தெரியும்போதே வடித்துவிடுங்கள். மீதி வேக்காடு தானாக நடக்கும்.

செப்டம்பர் 8 அன்று மாதாவுக்குப் பிறந்தநாள் என்பதால் பாயசம் உண்டு. ஒரு லிட்டர் பாலுக்கு 75 கிராம் பச்சரிசி, 150 கிராம் சர்க்கரை. அரிசி பாலிலேயே குழைந்த பிறகுதான் சர்க்கரை; முன்னால் போட்டால் அரிசி விறைத்து நிற்கும். வெல்லம்தான் வேண்டும் என்பவர்கள் பாகாகக் காய்ச்சி வடிகட்டி, பாயசம் இறக்கி ஆறியபின் கலக்க வேண்டும். கொதிக்கும் பாலில் வெல்லம் விழுந்தால் பால் திரிந்துவிடும்.

கொடி இறங்கி வீடு திரும்பியதும் பிரியாணிதான் என்று பலர் நாள் எண்ணுகிறார்கள். பத்துப் பன்னிரண்டு நாள் புளியோதரையிலும் மோரிலும் இருந்த வயிறு அது. முதல்நாள் மிளகும் சீரகமும் தட்டிப்போட்ட ஆட்டெலும்பு ரசமும் சோறும் வைத்து, பிரியாணியை மறுநாளுக்குத் தள்ளுங்கள்.