“அவங்களுக்குக் கஷ்டம் சார்”

“அந்தக் கிளைக்கு அவங்களை அனுப்பலாமா மேடம்? நீங்க என்ன நினைக்கிறீங்க?”

“அவங்களுக்குக் கஷ்டம் சார். பையன் சின்னவன்.”

இவ்வளவுதான் பேச்சு. எங்கள் வங்கியின் ரீஜனல் மேனேஜர் டிரான்ஸ்ஃபர் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விட்டார். நடந்து நான்கு வருடமாகிறது. இன்னும் அந்த அறைக்குள் நுழையும்போதெல்லாம் என் குரல் எனக்கே கேட்கிறது.

பிரமோஷன் கணக்கு வங்கிக்காரர்களுக்குத் தெரியும். ரீஜனல் ஆபீஸில் உட்கார்ந்து எத்தனை கடன் புரபோசல் பார்த்திருந்தாலும், இன்டர்வியூவில் முதல் கேள்வி “எந்த பிராஞ்ச் நடத்தினீங்க?” என்பதுதான். கிளை மேலாளராக இருந்த வருடங்களுக்கு எங்கள் வங்கியில் தனி மதிப்பெண்ணே உண்டு. அன்று பேச்சில் வந்த பெண் அதிகாரி கடன் பிரிவில் இருந்தார். ஒரு பேலன்ஸ் ஷீட்டை அவரைப் போலப் படிக்கத் தெரிந்தவர் எங்கள் ரீஜனில் வேறு யாரும் இல்லை, என்னையும் சேர்த்துத்தான். அவரிடம் இல்லாதது கிளை அனுபவம் ஒன்றுதான். கம்பம் பள்ளத்தாக்கில் காலியாக இருந்தது அப்படி ஒரு கிளை.

நான் பொய் சொல்லவில்லை. திராட்சைக்கும் வாழைக்கும் கொடுத்த பயிர்க்கடன் பாதி வாராக்கடனாகிக் கிடந்த கிளை அது. மார்ச் மாதத்தில் இருட்டிய பிறகும் தோட்டம் தோட்டமாக வசூலுக்குப் போக வேண்டும். மதுரையிலிருந்து தினமும் போய்வர முடியாது, வீடெடுத்துத்தான் தங்க வேண்டும். அவர் கணவருக்கு வேலை மதுரையில். 2014-இல் நிதி அமைச்சகம் பொதுத்துறை வங்கிகளுக்கு அனுப்பிய அறிவுறுத்தலும் மனதில் இருந்தது. திருமணமான பெண் ஊழியரைக் கூடியவரை கணவர் இருக்கும் ஊரிலோ பக்கத்திலோ போட வேண்டும் என்கிறது அது. அதனால் குடும்பத்தோடு சேர்ந்த பெண்களை எனக்குத் தெரியும். நல்ல ஏற்பாடு என்று இன்றும் சொல்வேன்.

ஆனால் அது கேட்டு விண்ணப்பிக்கிற பெண்ணுக்கான ஏற்பாடு. அவர் எதுவும் கேட்கவில்லை. அவருக்காக நான் கேட்டேன்.

அவருக்குப் பதிலாகப் போனவரின் மனைவிக்கு அந்த மாதம்தான் குழந்தை பிறந்திருந்தது. அவருக்குக் கஷ்டமாக இருக்குமா என்று அன்று அந்த அறையில் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மனைவியை மாமனார் வீட்டில் விட்டுவிட்டு, இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளை ஒட்டி வந்து போய்க்கொண்டிருந்தார். குழந்தை குப்புற விழுந்ததை போனில்தான் பார்த்தேன் என்று ஒருமுறை சொன்னார். அவருக்கும் நாங்கள் செய்தது நியாயமில்லை. ஆனால் அடுத்த பிரமோஷனில் அவர் பெயர் வந்தது. கடன் பிரிவில் இருந்தவருக்கு இரண்டு மதிப்பெண் குறைந்தது.

இதைவிட என்னை அரிக்கிற விஷயம் வேறு. நானும் அப்படி ஒரு கிளையில் இருந்தவள். என் மகளை மாமியாரிடம் விட்டுவிட்டுப் போனேன். வசூலுக்குப் போன முதல் வீட்டில், “மேனேஜர் வரலையாம்மா?” என்று திண்ணையிலிருந்தவர் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அழுதிருக்கிறேன். ஆனால் இரண்டாம் வருடம் அதே மனிதர் சொசைட்டித் தகராறுக்குப் பஞ்சாயத்து பேச என்னைத் தேடி வந்தார். யாரிடம் எப்படிப் பேசுவது, எந்தக் கடனை விட்டுப்பிடிப்பது, எதில் கையெழுத்துப் போடக் கூடாது எல்லாம் அங்கேதான் படித்தேன். என்னை அதிகாரியாக்கியது அந்த ஊர். அதே வாய்ப்பு இன்னொரு பெண்ணுக்கு வந்தபோது என் மகளின் அழுகைதான் ஞாபகத்துக்கு வந்தது. நான் பேசியது அவருடைய கஷ்டத்தையா, என்னுடையதையா?

2013-இல் அருந்ததி பட்டாச்சார்யா ஸ்டேட் பாங்க்கின் முதல் பெண் தலைவரானார். 1977-இல் புரபேஷனரி ஆபீசராகச் சேர்ந்தவர். அந்த வருடம் பாங்க் ஆஃப் இந்தியாவிலும் அலகாபாத் வங்கியிலும்கூடப் பெண்கள்தான் தலைமையில் இருந்தார்கள். அவர் படத்தைப் பேப்பரிலிருந்து வெட்டி என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன். அந்த 36 வருடத்தில் எத்தனை அறைகளில், எத்தனை நல்லவர்கள் அவருக்காக “கஷ்டம் சார்” என்று சொல்ல வாயெடுத்திருப்பார்கள் என்று அப்போது யோசிக்கவில்லை.

சில நாள் வேறு மாதிரியும் தோன்றும். கடன் பிரிவில் இருந்த அந்தப் பெண்ணை அனுப்பி, அங்கே ஏதாவது ஆகியிருந்தால், “நீங்களும் ஒரு பொம்பளைதானே, யோசிச்சிருக்க வேண்டாமா?” என்று என்னைத்தான் கேட்டிருப்பார்கள். அதுவும் உண்மை.

போன மாதம் மறுபடி பட்டியல் வந்தது. புது ரீஜனல் மேனேஜர் அதே கேள்வியைக் கேட்டார். “அவங்களையே கூப்பிட்டுக் கேளுங்க சார்” என்றேன். கூப்பிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

“இந்த வருஷம் முடியாது சார். பையன் பத்தாவது, பப்ளிக் எக்ஸாம்” என்றார்.

எழுந்து போகும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார். அன்று நான் சொன்னது அவர் காதுக்கு எப்போதாவது போனதா, தெரியாது. கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை. நான்கு வருடத்துக்கு முன்னால் அந்தப் பையன் ஆறாவது.