மறுபடியும் வலது சீட்

ஏடிஆர் 72 என்ற புரொப்பெல்லர் விமானத்தில் நான்கு வருடம் கேப்டனாக இருந்தேன். தூத்துக்குடி, மதுரை, ராஜமுந்திரி என்று எப்போதும் குட்டிப் பறத்தல்கள்தான். தூத்துக்குடியில் அப்போது ஓடுபாதை 1,350 மீட்டர். அதில் இறக்கிப் பழகியதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அந்த நேரத்தில்தான் வேறொரு நிறுவனத்தில் ஏர்பஸ் 320 ஜெட்டுக்கு ஆள் எடுத்தார்கள். ஜெட்டில் கமாண்ட் அனுபவம், அதாவது கேப்டனாகப் பறந்த அனுபவம், இல்லாதவர்களுக்கு வலது சீட்டில் உட்காரும் துணை விமானி வேலைதான், அதாவது எஃப்.ஓ.

அப்பாவிடம் சொன்னேன். "தோள்ல நாலு பட்ட இருக்கு. அதுல ஒண்ண அவுத்துக் குடுத்துட்டு எதுக்குல அங்க போற?" என்றார். அவரிடம் சரியான பதில் சொல்ல அன்று முடியவில்லை.

எனக்குள் நான் போட்ட கணக்கு இதுதான். ஏடிஆரிலேயே இருந்தால் பறந்த மணிகளை எழுதும் லாக்புக்கில் கமாண்ட் மணி ஏறிக்கொண்டே இருக்கும், ஆனால் எல்லாம் டர்போப்ராப் மணி, அதாவது புரொப்பெல்லர் விமானத்தில் பறந்த மணி. பெரிய ஜெட்டுக்கு நேரடியாகக் கேப்டனாக எடுப்பவர்கள் பெரும்பாலும் ஜெட்டில் எத்தனை மணி என்றுதான் கேட்கிறார்கள். எனக்கு வயது 36. பத்து வருடம் கழித்து வலது பக்கம் போவதைவிட இப்போதே போய்விடலாம் என்று பட்டது. சம்பளம் ஏறக்குறைய பாதியாகும் என்பதை வீட்டில் சொல்லத்தான் ஒரு வாரம் ஆனது.

தேர்வும் நேர்காணலும் சீக்கிரம் முடிந்துவிட்டன. நேர்காணலில் ஒரு கேள்விதான் உருப்படியானது: "உங்களைவிட வயதில் சின்ன கேப்டன் தப்பு செய்தால் என்ன செய்வீர்கள்?" உடனே சொல்லிவிடுவேன் என்று டக்கென்று பதில் சொன்னேன். அது எவ்வளவு பொய் என்று பிறகு தெரிந்தது.

கழுத்தை அறுத்தது நோட்டீஸ் காலம். 2017-ல் விமானத்துறையை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ கொண்டுவந்த விதிப்படி கேப்டனுக்கு ஒரு வருடம், துணை விமானிக்கு ஆறு மாதம். ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டு, அதே ஆட்களோடு ஒரு வருடம் பறக்க வேண்டும். புது நிறுவனமோ பயிற்சித் தேதியை இரண்டு முறை தள்ளிப்போட்டது. பழைய இடத்தில் தடையில்லாச் சான்றிதழ் வாங்குவதற்குள் நான் பட்ட பாடு தனிக்கதை, விடுங்கள்.

சிமுலேட்டரில் போய் உட்கார்ந்த முதல் நாள், என் இரண்டு கைகளும் எனக்கே அந்நியமாகிவிட்டன. இடது சீட்டில் இருக்கும் கேப்டனுக்கு விமானத்தை இயக்குவது இடது கை, எஞ்சின் லீவர்கள் வலது கையில். வலது சீட்டில் அது அப்படியே தலைகீழ். ஏடிஆரில் இரண்டு முழங்காலுக்கும் நடுவே இருக்கும் யோக் என்ற இயக்கும் பிடியை முழங்கை மடங்க இழுத்துப் பழகியவன் நான். ஏர்பஸ்ஸில் அதற்குப் பதில் பக்கவாட்டில் சைடுஸ்டிக் என்ற சின்னக் கம்பி, மணிக்கட்டை அசைத்தாலே போதும். ஏடிஆரில் எஞ்சின் விசையைத் தானே கூட்டிக் குறைக்கும் ஆட்டோத்ரஸ்ட் கிடையாது, லீவரை நாம்தான் நகர்த்த வேண்டும். இங்கே ஆட்டோத்ரஸ்ட் வேலை செய்யும்போது லீவர் இருந்த இடத்திலேயே இருக்கும், எஞ்சின் மட்டும் கூடும், குறையும். என் இடது கை எதையாவது தள்ளத் துடித்துக்கொண்டே இருந்தது.

மூன்றாவது அமர்வில் டேக்-ஆஃப் ஓட்டத்தில் 90 நாட் (knot) வேகத்தில் ஒரு எஞ்சினைப் பயிற்சியாளர் அணைத்தார். ஓட்டிக்கொண்டிருந்தது நான். ஆனாலும் அந்த நேரத்தில் லீவர்மீது கேப்டனின் கைதான் இருக்கும். நிறுத்துவதா வேண்டாமா என்பது அவர் முடிவு. நான் "ஸ்டாப்" என்று கத்தி, கேப்டன் கைமேல் என் கையை வைத்து இழுத்துவிட்டேன். பயிற்சியாளர் சிமுலேட்டரை அப்படியே உறைய வைத்துவிட்டுச் சொன்னார்: "முடிவு சரி சார். ஆனா அது இப்ப உங்க முடிவு இல்ல." அன்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை.

சிமுலேட்டர் முடிந்து லைனுக்கு, அதாவது நிஜப் பயணங்களுக்கு, வந்ததும் நேர் எதிர்ப் பக்கம் சாய்ந்தேன். முன்னாள் கேப்டன் வாய் நீளக்கூடாது என்று வாயைக் கட்டிக்கொண்டேன். ஐப்பசி மழையில் ஒரு நாள் சென்னை இறக்கம். ஓட்டியது 31 வயதுக் கேப்டன். உயரம் கொஞ்சம் கூட, வேகமும் கூட. ஏடிஆர் என்றால் சட்டென்று அடங்கிவிடும். 320 அவ்வளவு எளிதில் வேகத்தை விடாது. எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் நான் சொன்னது, "கேப்டன், கொஞ்சம் அதிகமா இருக்கிற மாதிரி..." அவர் 1,000 அடியில் தானே கோ-அரவுண்ட் எடுத்து, அதாவது இறக்காமல் மறுபடி மேலே ஏற்றி, சுற்றி வந்து இறக்கினார். பஸ்ஸில் போகும்போது மெல்லச் சொன்னார்: "சார், 'மாதிரி' எல்லாம் வேண்டாம். நீங்க கேப்டனா இருந்தவர்னு நெனச்சுத்தான் உங்களை நம்பி உட்கார்ந்திருக்கேன்." அவர் என்னை சார் என்றதும் நான் அவரைக் கேப்டன் என்றதும் இருவருக்குமே சங்கடம்தான். அன்றிலிருந்து ரன்வே தெரிகிறதோ இல்லையோ, "அன்ஸ்டேபிள் (இறக்கம் சரியாக இல்லை), கோ-அரவுண்ட்" என்பதை வாய்விட்டுச் சொல்லப் பழகினேன்.

இப்போது பழைய நண்பர்கள் போன் செய்து இப்படி எஃப்.ஓ.வாகப் போகலாமா என்று கேட்கிறார்கள். விமானம் மாறுகிறதா என்பதுதான் நான் முதலில் கேட்பது. அதே ஏடிஆரில் எஃப்.ஓ.வாகப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் ஒரு நண்பர் அப்படித்தான் போனார், அம்மாவின் டயாலிசிஸுக்காகச் சொந்த ஊரிலிருந்தே பறக்கும் பேஸ் கேட்டு. அவரிடம் நான் என்ன சொல்ல? அப்புறம், சீனியாரிட்டி எந்தத் தேதியிலிருந்து என்பதைக் கடிதத்தில் எழுதி வாங்கச் சொல்கிறேன். ஆஃபர் கொடுத்த தேதியா, சேர்ந்த தேதியா, பயிற்சி முடிந்த தேதியா? எனக்குப் பயிற்சி முடிந்த தேதி என்று ஆனதால், என்னோடு சேர்ந்த பதினோரு பேர் வரிசையில் எனக்கு முன்னால் போய்விட்டார்கள். கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், பட்டையைப் பற்றிய கவலையில் அதைக் கேட்கத் தோன்றவில்லை. பயிற்சிக்கான பாண்டு, அதாவது வேலையை விடமாட்டேன் என்ற ஒப்பந்தம், எத்தனை வருடம் என்பதையும் பாருங்கள்.

லாக்புக்கில் கமாண்ட் மணி 1,900-ல் நின்று இரண்டரை வருடம் ஆகிறது. அடுத்த மாதம் மறுபடி கேப்டனாகும் அப்கிரேடுக்கு முதல் சிமுலேட்டர் அமர்வு. நேற்று சாப்பாட்டு மேசையில் இடது கையில் கரண்டியைப் பிடித்துச் சாம்பார் ஊற்றிப் பார்த்தேன். பாதி மேசைமேல்.