திண்ணையில் கேட்ட கேள்வி

தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) உறுதியான பிள்ளையின் வீட்டுக்கு, அதனோடு பழகியவர்களின் பட்டியல் எடுக்கப் போகும் கிராம சுகாதார செவிலியரிடம் என்னென்ன கேட்பார்கள் என்பது ஏறக்குறையத் தெரிந்ததுதான். அந்த ஆறு வயதுச் சிறுமியின் தந்தை கேட்டதும் எதிர்பார்க்கக்கூடிய கேள்விதான். "அந்த ஊசியைப் போட்டிருந்தா என் பொண்ணுக்கு இது வந்திருக்காதா சிஸ்டர்?" என்றார். "ஆமாங்க, பெரும்பாலும் வந்திருக்காது" என்றேன். பேச்சு அவ்வளவுதான். திண்ணையைச் சுற்றி அவருடைய அம்மாவும் அக்கம்பக்கத்தாரும் நின்றிருந்தார்கள். சிறுமியின் தாய் அங்கே இல்லை. மாவட்டத் தலைநகரின் மருத்துவமனையில் மகளோடு இருந்தார்.

நான் சொன்னதில் பொய் இல்லை. இந்த நோயில் உயிரைப் பறிப்பது கிருமியைவிட அது சுரக்கும் நச்சு. தொண்டையில் சாம்பல் நிறத்தில் ஒட்டிப் படரும் படலம் மூச்சை அடைக்கலாம். கழுத்து இருபுறமும் வீங்கும். அதற்குப் பிறகும், தொண்டை தேறிவருவதாகத் தோன்றும் நாட்களில், இரத்தத்தில் கலந்த நச்சு இதயத் தசையையும் நரம்புகளையும் தாக்கும். குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கும் நச்சுமுறி மருந்து, திசுக்களுக்குள் இன்னும் நுழையாத நச்சை மட்டுமே செயலிழக்கச் செய்யும் என்பதால்தான், ஆய்வக முடிவுக்குக் காத்திராமல் மருத்துவர்கள் அதை ஏற்றிவிடுகிறார்கள். தடுப்பூசியோ அந்த நச்சையே வீரியம் நீக்கி உடலுக்கு முன்கூட்டி அறிமுகப்படுத்துகிறது. ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில் ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட், 16 மாதத்திலிருந்து 24 மாதத்துக்குள் ஒரு முத்தடுப்பு ஊசி, ஐந்து வயது முடிந்ததும் இன்னொன்று, பிறகு பத்திலும் பதினாறிலும் இந்நோய்க்கும் டெட்டனஸுக்கும் சேர்த்துப் போடும் டிடி. அந்தச் சிறுமியின் அட்டையில் முதல் மூன்று கட்டங்களில் தேதி இருந்தது. அடுத்த இரண்டும் வெறுமையாக இருந்தன. முதல் மூன்று ஊசிகள் தரும் பாதுகாப்பு ஆண்டுகள் செல்லச் செல்லக் குறையும் என்பதை அறிந்த எவரும் தந்தைக்கு நான் சொன்ன பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள்.

இதை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அந்தப் பதில் எனக்கு முன்பாகவே மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. சிறுமியைப் பார்க்க நான் போனபோது, அவளுக்குக் குடிக்கக் கொடுத்த தண்ணீர் மூக்கு வழியே திரும்பி வந்துகொண்டிருந்தது. மேலண்ணம் செயலிழந்தால் அப்படித்தான் வரும், பெரும்பாலும் சரியாகிவிடும் என்று தாயிடம் சொல்லத் தொடங்கினேன். அவர் துண்டால் மகளின் முகத்தைத் துடைத்தபடியே, "நான்தான் புள்ளைய இப்படி ஆக்கிட்டேன்னு சொன்னீங்களாமேக்கா" என்றார். அப்படிச் சொல்லவில்லை என்று மறுத்தேன். அதுவும் உண்மைதான். என்றாலும் திண்ணையில் நின்றவர்கள் 'பெரும்பாலும்' என்ற சொல்லை அங்கேயே விட்டுவிட்டு, மிச்சத்தை ஒரு பெயரோடு சேர்த்து எடுத்துப்போயிருந்தார்கள்.

அந்தப் பெயருக்கு உரியவரின் பக்கத்தை அட்டை சொல்லாது. மூன்றாவது ஊசி போட்ட இரவு குழந்தைக்குத் தொடை வீங்கிக் காய்ச்சல் அடித்தது. இந்த ஊசிக்குப் பிறகு அப்படி வருவது வழக்கம். ஓரிரு நாளில் தணியும். ஆனால் விடிய விடியக் குழந்தையைத் தூக்கி வைத்திருந்ததும், 'நல்லா இருந்த புள்ளைக்கு ஊசி போட்டு இழுத்து வந்திருக்கா' என்ற மாமியாரின் பேச்சைக் கேட்டதும் அவர்தான். அடுத்த ஊசிக்கான மாதங்களில் குடும்பமே வெளிமாவட்டச் செங்கல் சூளையில் இருந்தது. இங்கே பட்டியலில் 'ஊரில் இல்லை' என்று எழுதப்பட்டது. அங்கே எந்தப் பட்டியலிலும் குழந்தையின் பெயர் இல்லை. தடுப்பூசி போடும் நாளான புதன்கிழமை ஒன்றில் சூளையை விட்டு வெளியே வந்தால் குடும்பத்தின் அன்றைய கூலி போகும். இவ்வளவையும் தந்தை அறிவார், அவருடைய அம்மாவும் அறிவார். இருந்தும் கேள்வி கேட்கப்பட்ட விதத்திலேயே பதில் யார் மேல் விழும் என்பது முடிவாகியிருந்ததோ என்று இப்போது நினைக்கிறேன்.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. தடுப்பூசி நச்சிலிருந்து காக்கும். கிருமி தொண்டையில் தங்குவதை அது முழுமையாகத் தடுப்பதில்லை. நலமாக நடமாடும் ஒருவர், ஊசி போட்டவராகவே இருந்தாலும், கிருமியைச் சுமந்து அடுத்தவருக்குக் கொடுக்கலாம். அதனால்தான் அன்று எல்லோருடைய தொண்டையிலும் மாதிரி எடுத்து, கிருமியைக் கொல்லும் எரித்ரோமைசின் கொடுத்தோம். அந்தச் சிறுமிக்குக் கிருமி எங்கிருந்தோ தானாக வந்துவிடவில்லை. அது திண்ணையருகே நின்ற யாரிடமிருந்தும் வந்திருக்கலாம். அங்கிருந்த பெரியவர்களில் ஒருவர்கூடப் பள்ளிப் பருவத்துக்குப் பிறகு இந்நோய்க்கு எதிராக ஊசி போட்டவராகத் தெரியவில்லை. அந்த வீட்டுப் பெரியவர்களில் அப்படிப் போட்டுக்கொண்டவர் ஒருவர்தான். இரண்டாவது பிள்ளையைச் சுமந்தபோது டிடி போட்டுக்கொண்ட அந்தத் தாய். இதை அன்று சொல்லியிருக்கலாமா? மகளை மருத்துவமனையில் விட்டு வந்த ஒரு தந்தையிடம், ஊர் முழுவதற்கும் உள்ள பொறுப்பைப் பற்றிப் பேச அது நேரமா? கேட்டதற்கு நேராகப் பதில் சொல்வதுதான் மரியாதை என்று அப்போது தோன்றியது. இப்போதும் பாதி நாட்கள் அப்படித்தான் தோன்றுகிறது.

மீதி நாட்களில் அடுத்த புதன்கிழமை நினைவுக்கு வருகிறது. ஐந்து வயது ஊசிக்கு வீடு வீடாகக் கூப்பிட்டும் வராதவர்கள் பிள்ளைகளோடு துணை சுகாதார நிலையத்தின் முன் நின்றார்கள். "நீங்க மழுப்பியிருந்தா இந்தக் கூட்டம் வந்திருக்காது" என்றார் எங்கள் மருத்துவ அலுவலர். 2016-இல் மலப்புரத்தில் இந்நோய்க்குப் பிள்ளைகள் பலியான செய்திகளைப் படித்தவர்களுக்கு அவர் சொல்வது புரியும். பக்கத்து ஊரின் மூத்த செவிலியர் அக்கா இதை ஏற்கவில்லை. "கேட்டவரைத் தனியாகக் கூட்டிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும், பிள்ளைகள் வந்தது பயத்தால், உன் பதிலால் அல்ல" என்றார். இருவரில் யார் சொல்வது சரி என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

சிறுமி தேறிவிட்டாள். இந்த நோய் வந்துபோவதால் மட்டும் நிச்சயமான எதிர்ப்பாற்றல் கிடைக்காது என்பதால், குணமான பிறகும் அவளுக்குத் தடுப்பூசி தொடர வேண்டியிருந்தது. தாய் அவளையும் தம்பியையும் அழைத்து வந்தார். காய்ச்சல் வந்தால் கொடுக்க வேண்டிய பாராசிட்டமால் அளவை விளக்கினேன், கேட்டுக்கொண்டார். அவருடைய மாமியாரும் உடன் வந்திருந்தார் என்பதால் மேற்கொண்டு எதுவும் பேசவில்லை. அந்தக் குடும்பம் தை கழிந்ததும் மறுபடி சூளைக்குப் போகும் என்றார்கள். அடுத்த ஊசிக்கான தேதியை அட்டையில் எழுதி, அந்தப் பகுதிச் செவிலியரின் கைப்பேசி எண்ணையும் கேட்டு வாங்கி அதன் கீழே குறித்துக் கொடுத்திருக்கிறேன்.