ஊதுபத்தி காட்டிக்கொடுத்த சந்து

அறை 34 டிகிரி, ஏசி போடவில்லை. கிராஃபிக்ஸ் கார்டை முழு வேகத்தில் வேலை வாங்கிச் சோதிக்கும் ஃபர்மார்க் மென்பொருள் அரை மணி நேரம் ஓடியும் என் கம்ப்யூட்டரின் ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு 74 டிகிரியைத் தாண்டவில்லை. முன்பு இதே நிலையில் 81-ஐத் தொட்டுவிடும், ஃபேன் இரைச்சல் பக்கத்து அறை வரை கேட்கும். புது ஃபேன் எதுவும் வாங்கவில்லை. வேலையைச் செய்தது ஒரு சுருள் ஃபோம் டேப்.

முன்னால் மூன்று 120 மி.மீ. ஃபேன், பின்னால் ஒன்று என்று வழக்கமான அமைப்புதான். பக்கவாட்டுக் கதவைக் கழற்றினால் வெப்பம் மளமளவென்று இறங்கியது. ஆக, குறை காற்று வரத்தில். கேபினெட்டின் முன்முகம் முழுக்கக் கண்ணாடி, காற்றுக்கு ஓரத்தில் ஒரு விரல் அகல வழி. இப்படிச் செய்துவிட்டு அட்டைப்பெட்டியில் ‘ஹை ஏர்ஃப்ளோ’ என்று அச்சடிக்கிறார்களே, அதுதான் எரிச்சல்.

கதவை லேசாகத் திறந்து, ஊதுபத்தியை முன் ஃபேன்களின் ஓரத்தில் பிடித்துப் பார்த்தேன். புகை பின்னால் போகவில்லை. ஃபேன் சட்டத்துக்கும் தகட்டுக்கும் நடுவே உள்ள சந்தில் நுழைந்து முன்னால் போய், மறுபடி ஃபேன் வழியாகவே உள்ளே வந்தது. 140 மி.மீ. ஃபேனும் மாட்டலாம் என்று அகலமாக வெட்டிய இடம் அது. வெளிவழி குறுகலாக இருப்பதால், கார்டு சூடாக்கிய காற்றையே ஃபேன்கள் திரும்பத் திரும்ப இழுத்திருக்கின்றன.

அடைப்பதில்தான் நுணுக்கம். சாதா ஸ்பாஞ்ச் வழியாகக் காற்று போகும், நாளடைவில் உதிரவும் செய்யும். துளை மூடிய ரப்பர் ஃபோம்தான் வேண்டும். சென்னையின் கம்ப்யூட்டர் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டால் உதட்டைப் பிதுக்குகிறார்கள். நடக்கிற தூரத்தில் ஜி.பி. ரோடு கார் உதிரிபாகக் கடைகளில், கதவுக்கு ஒட்டுகிற டேப் என்று கேட்டால் கிடைக்கிறது. தகட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட்டு ஒட்டினால்தான் சூட்டில் பசை நழுவாது. சந்தைவிட ஒரு மில்லி மீட்டர் தடிமன் கூடுதலாக இருந்தால் போதும். அதற்கு மேல் போனால் முன் பேனலின் கிளிப் உட்காராது. யூஎஸ்பி 3 கேபிள் வருகிற இடத்தில் ஃபோமை நடுவில் கீறி, கேபிளை அந்தக் கீறலுக்குள் அழுத்திவிட்டேன். அந்த மூலை கச்சிதமாக அமைந்ததில் எனக்குத் தனிப் பெருமை.

ரிச்சி ஸ்ட்ரீட் போகிறவர்களுக்கு: விலை குறைந்த ஆர்ஜிபி (வண்ண விளக்கு) ஃபேன் செட் பலவற்றில் மின்சாரம் மட்டும் தருகிற மோலக்ஸ் இணைப்புதான், வேகத்தைக் குறைக்க வழி இல்லை. வேகத்தைக் கட்டுப்படுத்த முடிகிற நான்கு பின் பிடபிள்யூஎம் என்று கேட்டு, இணைப்பைக் கண்ணால் பார்த்து வாங்குங்கள்.

அடுத்து, முன் ஃபேன்களின் வேகத்தைக் கார்டின் வெப்பத்தோடு இணைக்க வேண்டும். என் மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸுக்குப் பிராசசரின் சூடுதான் தெரிகிறது; 170 வாட் இழுக்கிற கார்டு கொதித்தாலும் முன் ஃபேன்கள் மெதுவாகவே சுற்றுகின்றன. ஃபேன்கன்ட்ரோல் மென்பொருளில் அதைச் சரிசெய்யலாம். ரைசன் 5600 பிராசசருக்குக் கூடவே வந்த கூலரை எடுத்துவிட்டு ஒற்றை டவர் கூலர் மாட்டும் எண்ணமும் இருக்கிறது. அதற்கு முன், பவர் சப்ளை மூடிக்கும் கடைசி ஃபேனுக்கும் நடுவே ஒரு சந்து பாக்கி இருக்கிறது. அங்கே கை நுழையவில்லை, ஃபேனைக் கழற்றித்தான் ஒட்ட வேண்டும்.