காசு கொடுத்து மாடு மேய்த்த கதை

மே 25, 2024, சனி

கிளம்பும்போது அம்மா போனில் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. “ஏங்கண்ணு, நம்ம காட்டுல மாட்டப் பாத்துக்கோன்னா பொஸ்தகத்தத் தூக்கிட்டு ஓடுவே. இப்பக் காசு குடுத்து அமெரிக்காவுல மாடு மேய்க்கப் போறியா?”

பதில் சொல்ல முடியவில்லை. காங்கயத்துப் பக்கம் பிறந்து டல்லாஸில் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறவள், எட்டு மாதம் சனிக்கிழமைதோறும் குதிரையேற்றம் கற்றுக்கொண்டதே பண்ணை ஒன்றில் குதிரைமேல் மாடு ஓட்டும் இந்த ஒரு வாரத்துக்காகத்தான். இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

பில்லிங்ஸில் இறங்கி, பண்ணை வேனில் தெற்கே இரண்டு மணி நேரம். மொன்டானாவைத் தாண்டி வயோமிங்கில் நுழைந்ததும் லவல் என்ற சிற்றூர். பீட் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலை ஒன்று, ஒரே ஒரு பெரிய தெரு. விருந்தாளிகள் மொத்தம் ஆறு பேர். ஜெர்மன் தம்பதி ஒன்று, ஒஹாயோவிலிருந்து ஒரு நர்ஸ், அப்பாவும் பதினாறு வயசுப் பையனும், அப்புறம் நான். பண்ணைக்காரம்மாவுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். கை கொடுத்தபோது உள்ளங்கை மண்வெட்டிப் பிடி மாதிரி இருந்தது.

மே 26, ஞாயிறு

குதிரை ஒதுக்கினார்கள். எனக்கு பிஸ்கட், பதினான்கு வயசுப் பெண் குதிரை. சேணத்தின் வயிற்று வாரை இறுக்கும்போது மூச்சை இழுத்து வயிற்றை உப்பிக்கொள்வாள். அப்படியே நம்பி ஏறினால் கொஞ்ச நேரத்தில் சேணம் பக்கவாட்டில் சரியும். அதனால் இறுக்கிவிட்டுப் பத்தடி நடத்தி, அவள் மூச்சு விட்டதும் இன்னொரு துளை இறுக்க வேண்டும். வாடகைக்கு விட்டவன் சொல்லாத குறைகளைக் குடிபோன பிறகு கண்டுபிடிப்பதுபோல், மதியத்துக்குள் அவளுடைய திருட்டுத்தனம் நான்கைக் கண்டுபிடித்துவிட்டேன்.

மாடுகளைப் பார்த்ததும் முதலில் ஏமாற்றம். எல்லாம் ஆங்கஸ். கரிக்கட்டை நிறம், கொம்பே கிடையாது. மொட்டை மாடு. எங்கள் அப்பாரு கொம்பின் வளைவைப் பார்த்தே எந்த ஊர் மாடு என்று சொல்லிவிடுவார். இங்கே காதில் தொங்கும் மஞ்சள் வில்லையில் உள்ள எண்தான் அடையாளம். தாய்க்கு என்ன எண்ணோ அதுவே கன்றுக்கும். மந்தையில் மொத்தம் 180 தாய், 180 கன்று. இவர்கள் கணக்கில் அது 180 ஜோடி.

மாலையில் ஒரு மணி நேரம் பாடம். பாடமே இதுதான்: மாட்டைத் துரத்தாதே.

ஒவ்வொரு மாட்டையும் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத வட்டம் ஒன்று உண்டு. வெளியே நின்றால் உங்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்கும். உள்ளே கால் வைத்தால் நகரும். ரொம்ப உள்ளே போனால் ஓடும், இல்லையென்றால் உங்கள்மேல் வரும். தோள்பட்டைக்குப் பின்னால் போய் நின்றால் முன்னே நடக்கும், தோளைத் தாண்டி முன்னால் வந்தால் திரும்பிவிடும். கொலராடோ ஸ்டேட் பல்கலைக்கழகப் பேராசிரியை டெம்பிள் கிராண்டின் இதைப் படம் போட்டு எழுதியிருக்கிறார். பண்ணைக்காரம்மா லாயத்துச் சுவரில் அந்தப் படத்தை ஒட்டி வைத்திருக்கிறார். ஆட்டோ டிராஃபிக்கில் போகிறமாதிரி “ஹே ஹே” என்று கத்திக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் அவருக்கு எரிச்சல் வரும். “வாயை மூடு, சரியான இடத்தில் நில், மிச்சத்தை மாடு பார்த்துக்கொள்ளும்” என்றார்.

எங்கள் ஊரில் மாட்டுக்கு ஆளைத் தெரியும். பெயர் சொன்னால் வரும். இங்கே இந்த மாடுகள் வருடத்தில் சில தடவைதான் மனிதனைக் கிட்டத்தில் பார்க்கின்றன, அதுவும் குதிரைமேல். கால்நடையாக வரும் மனிதன் அவற்றுக்கு விநோதப் பிராணி.

மே 27, திங்கள்

காலை ஐந்தரைக்கு வெளிச்சம் வந்துவிட்டது. ஆறரைக்குக் கிளப்பினோம். நான்கு நாள், கிட்டத்தட்ட எண்பது கிலோமீட்டர். குளிர்காலம் முழுக்கக் கீழே கிடந்த மந்தையை பிரையர் மலைப் பக்கத்துப் புல்லுக்கு ஏற்ற வேண்டும்.

ஏன் இத்தனை மெனக்கெட வேண்டும் என்பதற்கு மழைதான் பதில். பிக்ஹார்ன் பள்ளத்தாக்கின் தென்முனையில் வருடத்துக்கு ஆறு அங்குல மழை. வடக்கே மலையை ஒட்டிப் போகப் போகப் பதினெட்டு அங்குலம். எங்கள் சீமையே வானம் பார்த்த பூமி. இந்தத் தென்முனையைப் பார்த்தால் காங்கயம் தஞ்சாவூர் மாதிரி தோன்றும். சிவப்பு மண், சேஜ் புதர், நடுவே சப்பாத்திக்கள்ளி. குதிரைக் குளம்பு பட்டுச் சேஜ் இலை நசுங்கும்போதெல்லாம் கற்பூரமும் துளசியும் கலந்த மாதிரி ஒரு வாசனை.

புதிதாக வந்தவர்களைக் கடைசியில் போடுவார்கள். அந்த இடத்துக்கு ‘டிராக்’ என்று பெயர். முன்னால் போகும் 360 உருப்படிகளின் புழுதியும் நமக்குத்தான். கழுத்தில் கட்டிய கைக்குட்டை அழகுக்கு என்று நினைத்திருந்தேன். அரை மணியில் அது மூக்குக்கு ஏறிவிட்டது. டிராக்கில் இருப்பவை எல்லாம் கன்றுகள், நொண்டிகள், சோம்பேறிகள். தாய்மாடுகள் புல் நினைவில் முன்னே போய்விடும். வழி அவற்றுக்குத் தெரியும், போன வருடமும் போயிருக்கின்றன. கன்றுகளுக்கு இது முதல் நடை. எங்கே போகிறோம் என்றும் தெரியாது, ஏன் என்றும் தெரியாது. என் நிலைமையும் அதுதான்.

பதினொரு மணிக்கு ஒரு அவசரம். குதிரையை நிறுத்தி இறங்கி ஒரு புதருக்குப் பின்னால் ஒதுங்கினேன். நான் இறங்கி நின்ற அந்தக் கணமே பின்வரிசைக் கன்றுகள் மொத்தமும் தலையைத் தூக்கிப் பார்த்து ஒரு பக்கமாகச் சாய்ந்தன. குதிரையும் மனுஷியும் சேர்ந்த நான்குகால் பிராணி திடீரென்று இரண்டாகப் பிரிந்தால் பயம் வராதா? ஜெர்மன்காரர் வளைத்துப் போய்த் தடுத்தார். முதல் நாளே எல்லோருக்கும் நான் எதற்கு ஒதுங்கினேன் என்று தெரிந்தது.

மாலை, பழைய மேசன்-லவல் பண்ணை வழியாகப் போனோம். ஹென்றி கிளே லவல் என்பவர் 1880களில் மந்தை ஓட்டி வந்து இங்கே தங்கினார். ஊருக்கு அவர் பெயர்தான். அப்போது வேலி கிடையாது. 1886-87 குளிர்காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் மாடுகள் பனியில் லட்சக்கணக்கில் செத்தன. அதற்குப் பிறகுதான் வைக்கோல் சேர்த்து வைக்கும் பழக்கம் பரவியது. மரக்கட்டை வீடுகள் இன்னும் நிற்கின்றன. உள்ளே குருவி எச்சம்.

தொடை இரண்டும் என்னுடையவை இல்லை. தூங்கப் போகிறேன்.

மே 28, செவ்வாய்

இன்றைக்குத் தப்பு என்மேல்தான். ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

மதியம் ஒரு ஓடைப் பக்கம் மந்தையை நிறுத்தினோம். ஓய்வு நமக்கு இல்லை, கன்றுகளுக்கு. தாயைத் தேடிப்பிடித்துப் பால் குடிக்க ஒரு மணி நேரம் கொடுக்க வேண்டும். ஏனென்றால், கன்று தாயைத் தவறவிட்டால் கடைசியாக எங்கே பால் குடித்ததோ அந்த இடத்துக்கே திரும்பிப் போகும். எத்தனை மைல் ஆனாலும். நல்ல விதி, நானும் கேட்டுத் தலையாட்டினேன்.

மூன்று மணிக்கு டெவில்ஸ் கேன்யன் பக்கம் வந்தோம். வலது கையில் நிலம் வெட்டிவிட்ட மாதிரி ஆயிரம் அடி கீழே போகிறது. அடியில் பச்சைத் தண்ணீர். அது ஆறு அல்ல, யெல்லோடெயில் அணையின் நீர். அணை கட்டக் கூடாது என்று வருடக்கணக்கில் போராடிய குரோ பழங்குடித் தலைவர் ராபர்ட் யெல்லோடெயில். கட்டி முடித்துவிட்டு அவர் பெயரையே வைத்தார்கள். இதைப் பண்ணைக்காரம்மா சொல்லிக்கொண்டிருக்கும்போது நான் ஒரு போட்டோ எடுக்கலாமே என்று கடிவாள வாரைச் சேணக் கொம்பில் போட்டுவிட்டுப் போனை எடுத்தேன்.

ஒரு கன்று திரும்பி நின்றது. எனக்கும் அப்பா-பையன் ஜோடிக்கும் நடுவே இருந்த இடைவெளியைப் பார்த்தது. நான் அதைப் பார்த்தேன். போனைப் பையில் போடுவதற்குள் அது வந்த வழியே கிளம்பிவிட்டது.

முந்தாநாள் பாடம் எல்லாம் மறந்து, பிஸ்கட்டைக் குதிகாலால் தட்டி அதன் பின்னாலேயே விரட்டினேன். பின்னால் குளம்புச் சத்தம் கேட்கக் கேட்க அது இன்னும் வேகமாக ஓடியது. அதைப் பார்த்து மேலும் மூன்று. கடைசியில் பண்ணை ஆள், இருபத்திரண்டு வயசுப் பையன், பெரிய வட்டமாக வெளியே சுற்றி முன்னால் போய் நின்றான். மூன்று திரும்பின. முதல் கன்று முள்கம்பி வேலிக்கு அடியில் நுழைந்து மறைந்தது. காது வில்லை 417.

யாரும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். “விட்டுவிடு, எங்கே போகும் என்று எனக்குத் தெரியும்” என்று மட்டும் பண்ணைக்காரம்மா சொன்னார்.

ராத்திரி முகாமில் 417-இன் தாய் வேலியோரம் நின்று தெற்கே பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தது. மடி கட்டி, காம்புகள் நாலும் விறைத்து நின்றன. கத்திக் கத்திக் குரல் கம்மி, கடைசியில் வெறும் காற்றுதான் வந்தது. ஊரில் கன்று செத்த மாட்டின் கத்தலைக் கேட்டிருக்கிறேன். இது அதேதான். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நர்ஸ் அக்கா பீன்ஸ் தட்டை என் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டார்.

ஒன்பதரைக்குப் பண்ணைக்காரம்மா டிரக்கில், பின்னால் டிரெய்லரை இழுத்துக்கொண்டு கிளம்பினார். நானும் அந்தப் பண்ணை ஆளும் ஏறிக்கொண்டோம். மதியம் நிறுத்திய ஓடைக்கரை. விளக்கு வெளிச்சத்தில், தாய் படுத்திருந்த அதே சேஜ் புதரடியில், 417 முன்னங்கால்களை மடித்துப் படுத்திருந்தது. வாங்க, இவ்வளவு நேரமா என்கிற மாதிரி பார்த்தது. பண்ணைப் பையன் கயிறு வீசினான், நான் பின்பக்கம் தள்ளினேன். முழங்காலில் ஒரு உதை. வாங்கிக்கொண்டேன்.

டிரெய்லர் கதவைத் திறந்ததும் அந்தத் தாய் மோந்து பார்த்தது ஒரே ஒரு தடவை. கன்று முட்டி முட்டிக் குடித்தது. இரண்டு கடைவாயிலும் நுரை.

மே 29, புதன்

மழை. நாள் முழுக்க மஞ்சள் மழைக்கோட்டு. இன்று பிடித்தவை இரண்டு.

ஒன்று, காட்டுக்குதிரைகள். இந்தப் பக்கம் 1968-இல் அவற்றுக்கென்றே ஒதுக்கிய நிலம். ஸ்பானியர்கள் கொண்டுவந்த குதிரைகளின் வழி. மங்கலான மஞ்சள் நிறம், முதுகில் ஒரு கறுப்புக் கோடு, கால்களில் வரிக்குதிரை மாதிரி பட்டை. நூறு அடிக்குக் கிட்டே போகக் கூடாது. அவற்றைக் கண்டதும் பிஸ்கட்டின் காதுகள் இரண்டும் கத்தரிக்கோல் மாதிரி முன்னே திரும்பின. உடம்பு முழுக்க நடுங்கியது. ஒரு கனைப்பு. அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி நடந்தாள்.

இரண்டு, பிரையர் மலைக்கு அந்தப் பெயர் வந்த கதை. 1806-இல், அமெரிக்காவின் மேற்கை ஆராயப் போன லூயிஸ்-கிளார்க் பயணத்தில், கிளார்க்கின் குழுவில் இருந்த சார்ஜென்ட் நதானியேல் பிரையரிடம் குதிரைகளை ஒப்படைத்து ஓட்டிப் போகச் சொன்னார்கள். ராத்திரியில் குதிரைகள் மொத்தமும் களவு போயின. மனிதர் நடந்து ஆற்றுக்கு வந்து, எருமைத்தோலில் பரிசல் கட்டிக் குழுவைப் பிடித்தார். பரிசலேதான், நம் ஒகேனக்கல்லில் சுற்றுகிற மாதிரி வட்டமானது. ஒப்படைத்த உருப்படிகளைத் தொலைத்தவர் பெயர் ஒரு மலைக்கே இருக்கிறது. ஒரு கன்றைத் தொலைத்த நான் கொஞ்சம் ஆறுதலாகப் படுத்தேன்.

மே 30, வியாழன்

மதியம் மேலே சேர்ந்தோம். முழங்கால் உயரம் புல், இடையிடையே மஞ்சள் பூ. வாயிலில் எண்ணினார்கள். பண்ணைக்காரம்மா ஒரு பக்கம், பண்ணைப் பையன் மறுபக்கம். நூறு ஆனதும் ஒரு கூழாங்கல்லை இடது பையிலிருந்து வலது பைக்கு மாற்றுகிறார். உதடு அசையவில்லை. இருவர் கணக்கும் ஒத்துப்போனது, 360. கணக்கு எழுதிப் பிழைக்கிறவள் நான். எக்செல் இல்லாமல் இத்தனை நிம்மதியான தணிக்கையைப் பார்த்ததில்லை.

அரசு நிலத்தில் ஒரு ஜோடி ஒரு மாதம் மேய 2024-ஆம் வருடக் கட்டணம் 1.35 டாலர். டல்லாஸில் அந்தக் காசுக்கு டீ கிடைக்காது. ஆனால் அனுமதிச்சீட்டு, வேலி, தண்ணீர்த் தொட்டி, டிரக்குக்கு டீசல் எல்லாம் சேர்த்துப் பார்த்தால், எங்களைப் போன்ற ஆட்கள் காசு கொடுத்து மாடு மேய்க்க வருவதால்தான் பண்ணை ஓடுகிறது என்று அவரே சொன்னார். அக்டோபரில் இந்தக் கன்றுகள் தாயை விட்டுப் பிரித்து விற்கப்படும். இறைச்சிக்குத்தான். எனக்குத் தெரியாததா என்ன. ஆனாலும் 417-ஐப் பார்க்காமல் திரும்பிக்கொண்டேன்.

வேலை முடியவில்லை. எல்லா ஜோடியும் சேரும்வரை வாயிலில் காவல் நிற்க வேண்டும், இல்லையென்றால் ராத்திரி கீழே நடந்துவிடும். மூன்று மணி நேரம் குதிரைமேல் சும்மா உட்கார்ந்திருந்தோம். கத்தல் மெல்ல மெல்லக் குறைந்தது. ஒவ்வொரு ஜோடியாக மேட்டைத் தாண்டிப் போயின. எட்டரைக்குக் கடைசித் தாய் அரைக் கிலோமீட்டர் திரும்பி வந்து, நாங்கள் இருப்பதைச் சட்டையே செய்யாமல், தன் கன்றை அழைத்துப் போனது.

வாயிலைச் சாத்தும் வேலை எனக்கு. அது கதவு அல்ல. குச்சிகளில் முள்கம்பியைக் கோத்த தட்டி, எங்கள் கிளுவை வேலிப் படல் மாதிரி. கடைசிக் குச்சியைத் தோளால் அணைத்து இழுத்து, கம்பி வளையத்தில் மாட்ட வேண்டும். அப்பாரு காட்டில் படலை ஒரு கையால் சாத்தியவள் நான். இங்கே இரண்டு அங்குலம் எட்டவில்லை. மூன்று தடவை முயன்றேன். பண்ணைக்காரம்மா குதிரையிலிருந்து இறங்கி வந்து, என் தோளுக்கு மேலாகத் தன் தோளை வைத்து ஒரு அழுத்து. வளையம் விழுந்தது.

கீழே வந்து சிக்னல் கிடைத்ததும் அம்மாவுக்கு அடித்தேன். முதல் கேள்வி: “பால் எத்தன லிட்டர் கண்ணு குடுக்குது?”