ஒன்றரை சென்டிமீட்டர்

ஏப்ரல் 9, 2025

சிறிய நாயாக இருக்க வேண்டும், மடியில் ஏறி உட்கார வேண்டும், வாக்கரைக் கண்டு மிரளக் கூடாது. அம்மா கேட்டது இவ்வளவுதான். பக் வேண்டாம் என்பதில் எனக்குத் தொடக்கத்திலிருந்தே சந்தேகமில்லை. 2003-இல் கைப்பேசி விளம்பரம் ஒன்றில் ஒரு சிறுவனின் பின்னாலேயே ஓடிய நாயைப் பார்த்துவிட்டு ஊரே அந்த இனத்தை வாங்கியது. அவை கோடையில் மூச்சுவிடப் படும் பாட்டை எங்கள் தெருவிலேயே போதுமான அளவு பார்த்தாயிற்று. எஞ்சியவை ஷிட்சுவும் லாசா ஆப்சோவும். படங்களை அருகருகே வைத்துப் பார்த்தபோது எனக்கு வேறுபாடு பிடிபடவில்லை. அம்மாவுக்குப் பிடிபட்டுவிட்டது. "இது சிரிக்குது, அது முறைக்குது" என்றார்.

ஏப்ரல் 10

அண்ணன் ஷிட்சுதான் என்கிறான். அவன் இருப்பது பெங்களூரு. அங்கே மே மாதம் என்பது வேறொரு மாதம்.

ஏப்ரல் 12

இரவு முழுவதும் இன அளவுக் குறிப்புகளைப் படித்துக்கொண்டிருந்தேன். உயரத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், ஒரு சாண் அல்லது அதற்குச் சற்று மேல். எடையில் ஷிட்சு நான்கரையிலிருந்து எட்டுக் கிலோவுக்குள் இருக்கும்; லாசாவும் அதே அளவில் சற்று ஏறக்குறைய நிற்கும். இரண்டுக்கும் முதுகின் மேல் சுருண்டு விழும் வால், தரையைத் தொடுமளவு வளரும் மயிர். கண்ணை மறைக்கும் முடியைக்கூட இரண்டுக்கும் ஒதுக்கிக் கட்டத்தான் வேண்டும். ஆனால் நாய் இனங்களுக்கு அளவு வகுக்கும் பன்னாட்டுக் கூட்டமைப்பின் குறிப்பில் முகவாயின் நீளம் என்று ஒரு வரி வருகிறது: ஷிட்சுவுக்கு நெற்றிப் பள்ளத்திலிருந்து மூக்கு நுனி வரை சுமார் 2.5 சென்டிமீட்டர், லாசாவுக்குச் சுமார் 4 சென்டிமீட்டர்.

ஒன்றரை சென்டிமீட்டரில் என்ன இருக்கிறது என்று தூங்கப் போனேன், தூக்கம் வரவில்லை. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. பாதத்தில் சிறிது வியர்க்கும், அவ்வளவுதான். மூச்சிரைத்து, நாக்கிலும் மூக்கின் உள்மடிப்புகளிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கித்தான் அது தன் உடற்சூட்டைக் குறைத்துக்கொள்கிறது. மூக்கு குறுகும்போது அந்த மடிப்புகளுக்கான இடம் குறைகிறது. ஆனால் மேலண்ணத்தின் தசை அதே விகிதத்தில் குறைவதில்லை என்பதால், அது தொண்டைக்குள் தொங்கி வழியை அடைக்கிறது. காற்றே ஈரமாக இருக்கும் சென்னை போன்ற கடலோர ஊரில் ஆவியாதல் ஏற்கெனவே மந்தம். ஆகவே இங்கே ஒன்றரை சென்டிமீட்டர் என்பது அழகைப் பற்றிய கணக்கன்று.

ஏப்ரல் 14

புத்தாண்டு. வேப்பம்பூப் பச்சடியை அம்மா ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொண்டார். இந்த நாய்கள் எத்தனை வருடம் இருக்கும் என்று கேட்டார். இரண்டுமே பன்னிரண்டிலிருந்து பதினைந்து வரை இருக்கும் என்றேன். "அப்போ கடைசியிலே நீதான் பார்த்துக்கணும்" என்று சொல்லிவிட்டு டிவியின் சத்தத்தைக் கூட்டினார். அவருக்கு வயது எழுபத்தாறு.

ஏப்ரல் 17

அண்ணா நகரில் ஒரு வீட்டில் மூன்று வயது ஷிட்சுவைப் பார்த்து வந்தேன். அழைப்புமணி அடித்ததற்கும் அது குரைக்கவில்லை. கதவு திறந்ததும் என் செருப்பை முகர்ந்து, என்னைப் பல வருடமாகத் தெரிந்தாற்போல முன்னே நடந்து கூடத்துக்கு அழைத்துப் போனது. மடியில் தூக்கி வைத்ததும் உடம்பைத் தளர்த்திக்கொண்டு சாய்ந்த விதத்தில், இது மனித மடிக்கென்றே பல தலைமுறையாக வளர்க்கப்பட்ட உயிர் என்பது கையில் தெரிந்தது. சீன அரண்மனையில் இதற்கு வேறு வேலையே இருந்ததில்லை.

ஆனால் நான் அதன் மூக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். துளைகள் வட்டமாக இல்லாமல் இரண்டு கீற்றுகளாக இருந்தன. மூச்சை உள்ளே இழுக்கும்போது அந்தக் கீற்று அகலாமல் இன்னும் ஒடுங்கியது. காலை பதினொரு மணிக்கு ஏசி அறையில், எந்த ஓட்டமும் இல்லாமல், விழித்திருக்கும்போதே அதற்குக் குறட்டை வந்தது. கண்ணின் உள்மூலையிலிருந்து கன்னத்து மயிர் வரை கண்ணீர் வழிந்த பழுப்புக் கறை. கண்கள் பெரியவை, குழிக்குள் ஆழமாகப் பொருந்தாதவை. ஒருமுறை சோபாவின் ஓரத்தில் உரசிக் கருவிழியில் புண் வந்ததாகவும், இரண்டு வாரம் கழுத்தில் பிளாஸ்டிக் வளையத்தோடு அலைந்ததாகவும் அந்த வீட்டு அம்மாள் சொன்னார். "குறட்டைதான் சார் இதோட அழகே" என்று அவரே சேர்த்துக்கொண்டார். நான் பதில் சொல்லவில்லை.

ஏப்ரல் 18

அம்மா மூன்று முறை நடந்தார். கூடத்திலிருந்து பால்கனி வரை.

ஏப்ரல் 20

நங்கநல்லூரில் லாசா. ஏழு வயது, பெண். நான் மாடிப்படியின் கீழே நிற்கும்போதே மேலிருந்து குரைப்பு தொடங்கிவிட்டது. அந்த உடம்பிலிருந்து வரும் குரல் என்று நம்ப முடியாத அளவுக்குக் கனத்த குரல். வீட்டுக்காரர் கதவைத் திறந்து என்னை உட்கார வைத்த பிறகும் அது எட்டி நின்று என் கைகளைக் கவனித்துக்கொண்டிருந்தது. திபெத்தின் மடங்களில் வாசலில் பெரிய மாஸ்டிஃப் நாய் காவல் இருக்க, உள்ளே கூடங்களில் அந்நியரின் வரவை அறிவிப்பது இந்தச் சிறிய நாயின் பொறுப்பாக இருந்தது என்று படித்திருக்கிறேன். நங்கநல்லூர் இரண்டாம் மாடியிலும் அந்தப் பொறுப்பை அது கைவிட்டதாகத் தெரியவில்லை. காபி முடிந்து வெகுநேரம் கழித்துத் தானாக வந்து, என் காலிலிருந்து ஓரடி தள்ளிப் படுத்துக்கொண்டது. தொடலாமா என்று கேட்டேன். "அதுவே வந்தா தொடுங்க, நீங்களா போகாதீங்க" என்றார்.

மூச்சுச் சத்தம் இல்லை. திரும்ப எழுதுகிறேன்: மின்விசிறி மட்டும் ஓடும் கூடம், பிற்பகல் மூன்று மணி, படியேறிக் குரைத்து ஓய்ந்த நாய், வாயை லேசாகத் திறந்து இரைத்தது, ஐந்து நிமிடத்தில் வாயை மூடிக்கொண்டது.

ஆனால் அம்மாவுக்குத் தினமும் காலை பிசியோதெரபி செய்ய ஒரு தம்பி வருகிறார். பகலில் கவனித்துக்கொள்ளும் அக்கா வருகிறார். அவர் விடுப்பு எடுத்தால் வேறொருவர் வருகிறார். பால், கூரியர், ரத்தம் எடுக்க வரும் பையன். இந்த வீட்டில் அந்நியர் வராத நாளே இல்லை. ஒவ்வொருவருக்கும் இந்தக் குரலா?

ஏப்ரல் 23

அம்மாவிடம் குரைப்பைப் பற்றிச் சொன்னேன். "குரைக்கலைன்னா அது என்ன நாய்?" என்றார். பிரச்சினை முடிந்துவிட்டதாக அவர் நினைக்கிறார்.

இரண்டையும் குழப்பிக்கொண்டது நான் மட்டுமல்ல என்பதில் ஓர் ஆறுதல். 1930-களின் தொடக்கத்தில் சீனாவிலிருந்து வந்தவற்றையும் திபெத்திலிருந்து வந்தவற்றையும் இங்கிலாந்தில் ஒரே பெயரில்தான் வைத்திருந்தார்கள். 1933-இல் செல்ட்டனம் நாய்க் கண்காட்சியில் அவை பக்கத்தில் பக்கத்தில் நின்றபோதுதான், சீனாவிலிருந்து வந்தவற்றின் மூக்கும் காலும் குட்டையாக இருப்பது எல்லார் கண்ணிலும் பட்டது. அதன் பிறகே இரண்டும் தனி இனங்களாயின. நாய் இனங்களைப் பதிவுசெய்யும் அமெரிக்கச் சங்கம் லாசாவை 1935-இல் ஏற்றது, ஷிட்சு 1969 வரை காத்திருந்தது. இடையில் 1952-இல் இங்கிலாந்தில் ஷிட்சுவோடு ஒருமுறை பெக்கினீஸ் நாயையும் கலந்தார்கள். பெக்கினீஸ் இன்னும் தட்டையான முகம். எத்தனை பேர் அந்த நாளில் அதை மேம்பாடு என்று எண்ணியிருப்பார்கள்.

ஏப்ரல் 26

இணையத்தில் கண்ட ஒரு விற்பனையாளருக்குப் போன் செய்தேன். ஷிட்சு குட்டி இருக்கிறது என்று படம் அனுப்பினார். மாலையில் அண்ணனை விட்டு லாசா இருக்கிறதா என்று கேட்கச் சொன்னேன். அதே குட்டியின் அதே படம், லாசா என்ற பெயரோடு அவனுக்குப் போயிருக்கிறது. வயது முப்பத்தைந்து நாள் என்றார். எட்டு வாரம் முடியாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றனவே என்றேன். "அதெல்லாம் பேப்பர்ல சார்" என்றார். தாயைப் பார்க்க முடியுமா என்றேன். தாய் வேறு ஊரில் இருக்கிறதாம்.

அதே விதிகள் பெண் நாயைப் பதினெட்டு மாதத்துக்கு முன் ஈனவைக்கக் கூடாது, ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் கூடாது, வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது என்றும் சொல்கின்றன. வேறு ஊரில் இருக்கும் அந்தத் தாயை நினைத்துக்கொண்டு எரிச்சலோடு படுத்தேன்.

ஏப்ரல் 29

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிப் பக்கம் போக வேண்டிய வேலை இருந்தது. அங்கே படித்துவிட்டு இப்போது தனியாக மருத்துவம் பார்க்கும் ஒரு நண்பரைப் பிடித்துக் கேட்டேன். குட்டியைப் பார்க்காதே, பெற்றோரைப் பார் என்றார். லாசாவிலும் ஷிட்சுவிலும் பிறவியிலேயே சிறுநீரகம் சரியாக வளராத குறை பரம்பரையாக வரும். குட்டி நன்றாக ஓடியாடும், ஆனால் அதிகமாகத் தண்ணீர் குடிக்கும், அதிகமாகச் சிறுநீர் கழிக்கும், எடை ஏறாது. லாசாவில் விழித்திரை மெல்ல மங்கும் நோயும் உண்டு. கண் வறட்சியும் முழங்கால் சில்லு நழுவுவதும் இரண்டிலும் பார்க்கிறாராம். ஆக, லாசாவின் மூக்கு மட்டும் நேராக இருந்தால் எல்லாம் நேராகிவிடாது.

முடி கொட்டாத நாய் ஒவ்வாமை தராது என்று அண்ணன் சொல்வதையும் கேட்டேன். ஒவ்வாமை தருவது முடி அல்ல, எச்சிலிலும் தோல் செதிலிலும் இருக்கும் புரதம் என்றார். இரண்டுக்கும் பொதுவான செலவு முடி வாருவது. காதுக்குப் பின்னாலும் தொடை இடுக்கிலும் சிக்குப் பிடித்தால் அதற்குள் உண்ணி ஒளிந்துகொள்ளும், பிறகு உண்ணிக் காய்ச்சல். குட்டையாக வெட்டிவிடலாம், ஆனால் தோல் தெரிய மழிக்கக் கூடாதாம். வெயில் நேரே சுடும்.

மே 1

இதை முன்பே எழுதியிருக்க வேண்டும். நாய் எந்த இனமானாலும் அது அம்மாவின் காலடியில்தான் இருக்கும். குட்டியாக வந்தால் முதல் ஒரு வருடம் காலைச் சுற்றும், புடவையின் ஓரத்தைக் கடித்து இழுக்கும், வாக்கரின் ரப்பர் முனையைக் கடிக்கும். ஷிட்சு மனிதரை விட்டு நகராது. அறைக்கு அறை பின்தொடரும் என்று அண்ணா நகரிலேயே சொன்னார்கள், பாராட்டாகத்தான் சொன்னார்கள். லாசா சற்று எட்டிப் படுக்கும். ஓரடி. அன்று நான் பார்த்த அந்த ஓரடி இடைவெளியை ஏன் குறையாக எடுத்துக்கொண்டேன் என்று இப்போது தெரியவில்லை. ஜனவரியில் அம்மா விழுந்த இடம், குளியலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவில், அரையடிகூட அகலம் இல்லாத வாசற்படி.

மே 4

அக்னி நட்சத்திரம். நள்ளிரவில் மின்சாரம் போய் இன்வெர்ட்டரும் ஓய்ந்துவிட்டது. அம்மாவுக்கு விசிறிக்கொண்டே கணக்குப் போட்டேன்: நாயின் இயல்பான உடல் வெப்பம் 38-லிருந்து 39 டிகிரி, 41-ஐத் தாண்டினால் ஆபத்து. இரண்டு டிகிரி இடைவெளி. இந்த அறையில் இந்த நேரத்தில் 2.5 சென்டிமீட்டர் மூக்கோடு ஒரு நாய் இருந்தால், நான் யாருக்கு முதலில் விசிறுவேன்?

மே 5

ஷிட்சு வேண்டாம்.

மே 6

அண்ணனிடம் சொல்லியாயிற்று. கோபம். தட்டை மூக்கு நாய்களைப் பல விமான நிறுவனங்கள் சரக்கில் ஏற்றுவதில்லை என்பதை நான் சொன்னதும், "யாரு அதை ஃப்ளைட்ல கூட்டிட்டுப் போறா?" என்றான். அவன் சொல்வது சரி. ஆனாலும் ஷிட்சு வேண்டாம்.

மே 9

குடியிருப்போர் சங்கம் லிஃப்டுக்குள் நாய்களுக்கு அனுமதி இல்லை என்று தாள் ஒட்டியிருக்கிறது. அப்படித் தடுக்க முடியாது என்று விலங்கு நல வாரியத்தின் 2015-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை சொல்கிறது. அச்செடுத்துச் செயலாளரின் கதவிடுக்கில் செருகினேன். நாயே இன்னும் வரவில்லை, சண்டை வந்துவிட்டது.

மே 13

நங்கநல்லூர்க்காரர் அழைத்தார். அவருக்குத் தெரிந்த ஒரு குடும்பம் வெளிநாடு போகிறது. ஐந்து வயது லாசா, ஆண், கருத்தடை செய்தது, கென்னல் கிளப் பதிவுத்தாள் உண்டு, வீட்டில் பாட்டி ஒருவருடனேயே வளர்ந்தது. நாயை யாருக்காவது கொடுத்தாக வேண்டும்.

வளர்ந்த நாய் என்ற எண்ணம் எனக்கு வரவே இல்லை. குட்டி, குட்டி என்றே தேடிக்கொண்டிருந்தேன். ஐந்து வயதில் பிறவிச் சிறுநீரகக் குறை பெரும்பாலும் தெரிந்திருக்கும். புடவையை இழுக்கும் வயது கடந்துவிட்டது. இன்னும் எத்தனை வருடம் என்ற கேள்விக்கும் வேறு விடை வருகிறது. அம்மா அன்று டிவி சத்தத்தைக் கூட்டிய கேள்வி.

மே 15

வீடியோ அழைப்பில் காட்டினார்கள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். அது திரும்பிப் பார்க்காமல் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது. "என்னை மாதிரியே இருக்கு" என்றார்.

மே 18

நேரில் பார்த்து வந்தேன். மூக்கின் மேல் விரலை வைத்து அளந்தேன், நான்கு இருக்கும். துளைகள் திறந்திருக்கின்றன. இடது பின்னங்காலை ஒருமுறை மட்டும் தூக்கி நொண்டி, பிறகு சரியாக நடந்தது. சில்லு நழுவுகிறதா என்று பார்க்க வேண்டும். பாட்டியின் ஊன்றுகோலுக்கு வழிவிட்டு ஒதுங்குகிறது. என்னைப் பார்த்துக் குரைத்ததைச் சொல்லவே வேண்டாம்.

பிசியோ தம்பியிடம் நாய் கடித்த அனுபவம் உண்டா என்று விளையாட்டாகக் கேட்டேன். உண்டாம். கணுக்காலைக் காட்டினார்.

மே 20

சிறுநீரகத்தின் நிலையை அறிய ரத்தத்தில் கிரியாட்டினின், சிறுநீரில் புரதம், பிறகு முழங்கால் பரிசோதனை: மூன்றையும் செய்து அனுப்பினால் செலவை நானே தருகிறேன் என்று அந்தக் குடும்பத்திடம் சொல்லியிருக்கிறேன். வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றையும் கேட்டேன், மாநகராட்சி உரிமத்துக்கு வேண்டும். அவர்கள் புறப்படுவது ஜூன் முதல் வாரம்.

அம்மாவுக்கு மாலையிலிருந்து லேசான காய்ச்சல்.

மே 21

காய்ச்சல் விடவில்லை. அண்ணன் இரவு ரயிலில் வருகிறான். நாயின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது, கிரியாட்டினின் சரியாக இருக்கிறது. முழங்காலுக்கு நாளை மறுநாள் நேரம் கொடுத்திருக்கிறார்களாம்.